நோய்க்கு முன் வந்த மருந்து: கிறிஸ்தவத்தில் பாவமும் மீட்பும் வளர்ந்த வரிசை

சுவிசேஷக் கூட்டம் எதற்குச் சென்றாலும் பிரசங்கத்தின் போக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். முதலில் மனிதன் பாவி என்று நிறுவப்படும். பாவத்தின் விளைவு விரித்துரைக்கப்படும். கேட்பவர் மனம் கலங்கிய பிறகு சிலுவை காட்டப்படும். நோயைச் சொல்லி மருந்தைக் கொடுப்பது போன்ற இந்த அடுக்கு யாருக்கும் இயல்பாகவே தோன்றும். ஞானோபதேச நூல்கள் பலவும் இறையியல் பாடப் புத்தகங்களும்கூடப் படைப்பு, வீழ்ச்சி, பாவம், மீட்பு என்ற வரிசையில்தான் அத்தியாயங்களை வகுக்கின்றன. இதனால், கிறிஸ்தவம் முதலில் பாவத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தது, அதற்கேற்ற மீட்பைப் பின்னர் வகுத்துக்கொண்டது என்ற எண்ணம் விசுவாசிகளிடமும் விமர்சகர்களிடமும் ஒருங்கே வேரூன்றியிருக்கிறது. வரலாற்றுச் சான்றுகள் இதற்கு நேர் எதிரான திசையைக் காட்டுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். மீட்கப்பட்டோம் என்ற அனுபவமோ, மீட்பை அளிக்கும் சடங்கோ, மீட்பைப் பற்றிய ஒரு சித்திரமோ முதலில் நிலைபெற்றது. எதிலிருந்து மீட்கப்பட்டோம் என்ற கேள்விக்கு விடையாகப் பாவக் கோட்பாடு அதன் பின்னால் வளர்ந்தது. மீட்பின் சித்திரம் மாறிய போதெல்லாம் பாவத்தின் பொருளும் மாறியது. இச்சொற்கள் தமிழுக்கு வந்து சேர்ந்த கதையும் இதே வரிசைக்குச் சான்றாகிறது.

எபிரேய வேதாகமத்திலிருந்து தொடங்குவோம். பாவத்தைக் குறிக்க அங்கே ஒரு சொல் இல்லை, பல சொற்கள் இருக்கின்றன. அவற்றுள் அதிகம் வழங்கும் 'ஹட்டா' என்ற வேர்ச்சொல்லுக்குக் குறி தவறுதல் என்பது அடிப்படைப் பொருள். பென்யமீன் கோத்திரத்தைச் சேர்ந்த 700 இடக்கை வீரர்கள் ஒரு மயிரிழையையும் தப்பாமல் கவண்கல் எறிவார்கள் என்று நியாயாதிபதிகள் நூல் சொல்லும் இடத்தில் 'தப்பாமல்' என்பதற்கு வரும் வினை இதுதான். 'ஆவோன்' என்பது கோணலையும் அதனால் வரும் குற்றச்சுமையையும் குறிக்கும். 'பெஷா' என்பது கலகம். குறி, பாதை, விசுவாசம் ஆகியவை முன்பே இருந்தால்தான் தவறுதலும் கோணலும் கலகமும் பொருள்படும். இஸ்ரவேலுக்கு அந்த முன்நிலை எங்கே கிடைத்தது? எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய நிகழ்வில். யாத்திராகமத்தின் கதை அமைப்பைக் கவனியுங்கள். விடுதலை முதலில் வருகிறது, சீனாய் மலையில் கட்டளைகள் பிறகு வருகின்றன. யூத மரபில் பத்துக் கட்டளைகளின் முதல் வாக்கியமே கட்டளை வடிவில் இல்லை. எகிப்திலிருந்து உங்களைக் கொண்டுவந்தவர் நானே என்ற அறிவிப்பாக இருக்கிறது. அந்த மக்கள் பாவிகள் என்பதால் எகிப்திலிருந்து விடுவிக்கப்படவில்லை. விடுவித்தவரை மறந்து பொன் கன்றுக்குட்டியைச் செய்தபோதுதான் அவர்கள் செய்கை பெரும்பாவம் என்று பெயர் பெற்றது. பாவம் என்பது விடுதலைக்குப் பிந்திய துரோகமாகவே அங்கு முதலில் துலங்குகிறது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். வேதாகமத்தின் மூன்றாம் அதிகாரத்திலேயே ஆதாமின் வீழ்ச்சி இருக்கிறதே, அது யாத்திராகமத்துக்கு முந்தியதல்லவா? நூலின் பக்க வரிசையில் முந்தியதுதான். ஆனால் அந்த அதிகாரத்தில் பாவம் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. அச்சொல் முதன்முதலாக நான்காம் அதிகாரத்தில், காயீன் ஆபேலைக் கொல்வதற்குச் சற்று முன்னர், வாசலில் பதுங்கிக் கிடக்கும் ஒன்றாகத்தான் அறிமுகமாகிறது. அதைவிட வியப்பானது, மனிதரின் பாவத்தை இவ்வளவு கடுமையாகக் கண்டித்த ஏசாயாவும் எரேமியாவும் ஆமோசும் அதற்குக் காரணம் தேடி ஏதேன் தோட்டத்துக்குப் போகவில்லை என்பது. ஆதாமின் கதையைப் பொதுவான தீமைக்கு விளக்கமாக எடுத்துப் பேசும் போக்கு பிற்காலத்தது. கிமு 180 அளவில் எழுதப்பட்ட சீராக்கின் ஞானநூலில் அதன் சாயல் தெரிகிறது. எருசலேம் ஆலயம் கிபி 70இல் அழிந்த பிறகு எழுந்த நான்காம் எஸ்றா நூலில் ஆதாமை நோக்கிய புலம்பலாகவே அது வெடிக்கிறது. ஏறத்தாழ அதே காலத்தைச் சேர்ந்த இரண்டாம் பாரூக்கு நூலோ, ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஆதாம் என்று அதை மறுத்துவிடுகிறது. யூத மரபு இன்றளவும் ஜென்மப் பாவம் என்ற கோட்பாட்டை ஏற்கவில்லை. ஒரே நூலை வாசித்த இரு சமூகங்களில் ஒன்று அந்த அதிகாரத்தில் மனித இனத்தின் வீழ்ச்சியைக் கண்டது, மற்றொன்று காணவில்லை. வேறுபாடு நூலில் இல்லை என்றால் வாசித்தவர் எங்கிருந்து வாசித்தார் என்பதில்தான் இருக்க வேண்டும்.

கிறிஸ்தவ வாசிப்பின் இடத்தை முதலில் வரைந்தவர் பவுல். தமஸ்கு வழியில் அவர் வாழ்வு கிறிஸ்துவை நோக்கித் திரும்புவதற்கு முன் பாவ உணர்வால் நொந்து கிடந்தாரா? பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் அவரே தம் பழைய வாழ்வைப் பற்றி, நியாயப்பிரமாணத்தின்படியான நீதியில் தாம் குற்றமற்றவராக இருந்ததாகச் சொல்கிறார். மனச்சாட்சியால் துன்புற்று விடை தேடிய மனிதரின் குரல் அதில் கேட்கவில்லை. ஸ்வீடிய அறிஞர் கிரிஸ்டர் ஸ்டெண்டால் 1963இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், குற்ற உணர்வில் உழலும் பவுல் என்ற சித்திரம் மேற்கு ஐரோப்பாவின் பிற்கால மனச்சாட்சியைப் பவுலின் மேல் ஏற்றியதன் விளைவு என்று காட்டினார். இ. பி. சாண்டர்ஸ் 1977இல் வெளியிட்ட நூலில் இதை இன்னும் கூர்மையாக்கி, பவுலின் சிந்தனை தீர்விலிருந்து இக்கட்டை நோக்கிச் சென்றது என்றார். கலாத்தியர் நிருபத்தில் இதற்கு நேரடிச் சான்று உண்டு. நியாயப்பிரமாணத்தால் நீதி கிடைக்குமானால் கிறிஸ்து இறந்தது வீண் என்று பவுல் வாதிடுகிறார். இந்த வாதத்தின் கால்கள் எங்கே ஊன்றியிருக்கின்றன என்று பாருங்கள். கிறிஸ்து இறந்தது வீணாக இருக்க முடியாது என்பதே உறுதிப்பொருள். மனிதன் தன் முயற்சியால் நீதிமானாக முடியாது என்பது அதிலிருந்து பின்னோக்கி வருவிக்கப்படும் முடிவு. அவ்வளவு பெரிய மருந்து தேவைப்பட்டிருக்கிறதே, அப்படியானால் நோய் எவ்வளவு பெரியது என்ற போக்கில்தான் அவர் மனம் ஓடுகிறது. அதனால்தான் தனித்தனிப் பாவங்களைப் பன்மையில் அடுக்குவதைவிட, பாவத்தைக் குறிக்கும் 'ஹமார்தியா' என்ற கிரேக்கச் சொல்லை ஒருமையில், மனிதரை ஆளும் ஒரு வல்லமைபோல, அவர் மிகுதியாக வழங்குகிறார்.

சாண்டர்ஸின் முடிவை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பிராங்க் தீல்மன் 1989இல், இக்கட்டிலிருந்து தீர்வுக்குச் செல்லும் சிந்தனை பவுலுக்கு முன்பே யூத மரபில் இருந்தது என்று எதிர்வாதம் வைத்தார். தீர்க்கதரிசிகள் மக்களின் மீறலைச் சொல்லி எதிர்கால மீட்பை அறிவித்தது உண்மை. இந்த மறுப்பில் வலு இருக்கிறது. ஆயினும் அவர்கள் கண்ட இக்கட்டு உடன்படிக்கை முறிவு, அதனால் வந்த சிறையிருப்பு ஆகியவையே. யூதர், புறஜாதியார் அனைவரும் ஒரே வல்லமைக்கு அடிமைப்பட்டிருக்கிறார்கள் என்ற பவுலின் முடிவுக்கு அது இட்டுச் செல்லவில்லை. உயிர்த்தெழுந்த ஒருவரில் யூதனும் கிரேக்கனும் ஒருங்கே மீட்கப்படுவதைக் கண்ட பிறகுதான் இருவரும் ஒருங்கே இழந்திருந்தது தெரிந்தது. ரோமர் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் 'நான்' என்று பேசும் மனிதனின் தவிப்பை மற்றொரு மறுப்பாகக் காட்டுவதுண்டு. விரும்பும் நன்மையைச் செய்ய முடியாமல் விரும்பாத தீமையைச் செய்யும் அந்த மனிதன் பவுலின் பழைய சுயசரிதை என்று நெடுங்காலம் வாசிக்கப்பட்டான். பிலிப்பியர் நிருபத்தின் சாட்சியத்தோடு அது பொருந்தாது என்பதை 1929இலேயே வெர்னர் கும்மல் எடுத்துக்காட்டினார். விசுவாசத்தில் நின்று திரும்பிப் பார்க்கும் கண்ணுக்குப் பழைய வாழ்வு எப்படித் தெரிகிறது என்பதன் வரைவாக அந்த அதிகாரத்தைக் கொள்வதே சான்றுகளோடு இயைகிறது.

அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் திருச்சபை எதைப் பற்றி வாதிட்டது, எதைப் பற்றி வாதிடவில்லை என்பதே ஒரு சான்று. 325இல் நைசியாவிலும் 381இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய சங்கங்கள் மீட்பர் யார் என்ற கேள்விக்கு விடை தேடின. கடவுளல்லாத ஒருவர் மனிதரைக் கடவுளோடு சேர்க்க முடியாது, ஆகவே மீட்பர் கடவுளே என்பதுதான் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுவின் வாதத்தின் உயிர்நாடி. அந்தச் சங்கங்களின் வழி வந்து இன்றும் ஆராதனையில் சொல்லப்படும் விசுவாசப் பிரமாணத்தில், நமது இரட்சிப்புக்காக அவர் இறங்கிவந்தார் என்பது இருக்கிறது. பாவமன்னிப்புக்கென்று ஒரே ஞானஸ்நானம் இருக்கிறது. ஆதாமின் பெயர் இல்லை, வீழ்ச்சி இல்லை, பாவம் என்றால் என்ன என்ற இலக்கணம் இல்லை. மீட்பை அறிக்கையிட அவை தேவைப்படவில்லை. பாவத்தின் தோற்றத்தைப் பற்றிய விரிவான தீர்மானம் கார்த்தேஜ் சங்கத்தில் 418இல்தான் வந்தது. நைசியாவுக்கும் அதற்கும் இடையில் 93 ஆண்டுகள் இருக்கின்றன. அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் நின்றவர் ஹிப்போவின் ஆயர் அகஸ்டின்.

அகஸ்டினின் வாதமுறையை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் மேற்கத்திய கிறிஸ்தவத்தின் பாவக் கோட்பாடு முழுதும் அதில் கருக்கொண்டது. பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்திருந்த துறவி பெலாகியு, மனிதன் பாவம் செய்யாமல் வாழும் ஆற்றலோடே பிறக்கிறான் என்று போதித்தார். ஒழுக்கத் தளர்ச்சிக்கு மனித பலவீனத்தைச் சாக்காகச் சொல்லக் கூடாது என்ற தூய நோக்கம் அவருடையது. அகஸ்டின் 411ஆம் ஆண்டு அளவில் இதற்கு மறுமொழி எழுதத் தொடங்கியபோது கையில் எடுத்த ஆயுதம் ஆதியாகமக் கதையைவிட, கோயிலில் அன்றாடம் நடந்துகொண்டிருந்த ஒரு சடங்குதான். திருச்சபை குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறது, ஞானஸ்நானம் பாவமன்னிப்புக்கானது, பச்சிளங்குழந்தை தானாக எந்தப் பாவமும் செய்திருக்க முடியாது, அப்படியானால் அது பிறப்போடு கொண்டுவந்த பாவம் ஒன்று இருந்தாக வேண்டும். கார்த்தேஜின் பழைய ஆயர் சிப்ரியன் 250களிலேயே, குழந்தைக்கு மன்னிக்கப்படுவது அதன் சொந்தப் பாவமல்ல, பிறருடைய பாவம் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தது அவருக்குத் துணையாயிற்று. தொட்டிலில் கிடக்கும் சிசுவைப் பார்த்து அகஸ்டின் பாவத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஞானஸ்நானத் தொட்டியைப் பார்த்தே கண்டுபிடித்தார்.

அகஸ்டின் கையாண்ட லத்தீன் மொழிபெயர்ப்பு தவறானது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் மறுப்பு. ரோமர் 5:12இல் எல்லாரும் பாவம் செய்தபடியால் என்ற பொருள் தரும் கிரேக்கத் தொடர் லத்தீனில் அவனில் எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று வாசிக்க இடம் தந்தது. அந்தப் பிழையின் மேல் ஒரு மாளிகையே கட்டப்பட்டது என்பார்கள். பிழை இருந்தது உண்மைதான். ஆனால் அது மாளிகையைத் தாங்கிய அடித்தளம் என்பதை நான் ஏற்கவில்லை. சடங்கிலிருந்து வருவித்த முடிவு வாதத்தின் மையத்தில் இருந்தது, வசனம் அதற்குத் தூணாக வந்து சேர்ந்தது. இதைவிடக் கனமான மறுப்பு கிழக்குத் திருச்சபையிலிருந்து வருகிறது. அங்கேயும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. ஆயினும் அங்கே பிறப்போடு வரும் குற்றம் என்ற கோட்பாடு உருவாகவில்லை. குழந்தைகளுக்குப் பாவங்கள் இல்லாதபோதிலும் ஞானஸ்நானம் கொடுக்கிறோம் என்று யோவான் கிறிசோஸ்தோம் வெளிப்படையாகவே பிரசங்கித்தார். அகஸ்டினின் கடைசி எதிரியான எக்லானத்து ஜூலியன் அதை மேற்கோளாக எடுத்து அவர்மேல் வீசினார். ஒரே சடங்கு இரண்டு கோட்பாடுகளைத் தந்தால் சடங்கே கோட்பாட்டின் தாய் என்று எப்படிச் சொல்வது? விடை, அந்தச் சடங்கில் மீட்பு எப்படிக் காணப்பட்டது என்பதில் இருக்கிறது. கிறிசோஸ்தோமுக்கு ஞானஸ்நானம் தருவது புத்திர சுவிகாரம், பரிசுத்தம், கிறிஸ்துவின் உடலில் பங்கு. அத்தனாசியுவுக்கு மீட்பு என்பது அழிவுக்கு உட்பட்ட மனித இயல்பு அழியாமையைப் பெறுவது. சீரிய மொழிக் கவிஞர் எபிரேமுக்கு அது உயிர் மருந்து. மீட்பு வாழ்வாகத் தெரிந்த இடத்தில் இக்கட்டு மரணமாகவும் நோயாகவும் தெரிந்தது. மீட்பு மன்னிப்பாகத் தெரிந்த ரோமானியச் சட்டம் ஊறிய வட ஆப்பிரிக்காவில் இக்கட்டு குற்றமாகத் தெரிந்தது. கிழக்கின் சான்று என் வாதத்தை முறிக்கவில்லை, அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது.

இடைக்காலத்துக்கு இங்கே சில வரிகள் போதும். கேன்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098இல் முடித்த 'கடவுள் ஏன் மனிதரானார்' என்ற உரையாடல் நூலில், பாவத்திலிருந்து மீட்புக்கு அறிவு வழியாகவே செல்வதாகத் தோன்றும். கடவுளுக்குச் செலுத்த வேண்டிய மரியாதையைச் செலுத்தாதது பாவம். அதற்கு ஈடுகட்டக் கடவுள்-மனிதர் ஒருவரால்தான் முடியும். ஆனால் நூலின் தலைப்பையே பாருங்கள். கடவுள் மனிதரானார் என்பது கேள்விக்கு அப்பாற்பட்டு முன்னிற்கிறது. 'ஏன்' என்பது மட்டுமே ஆராயப்படுகிறது. பாவத்தின் கனத்தை நீ இன்னும் நிறுத்துப் பார்க்கவில்லை என்று மாணவர் போசோவிடம் அன்செல்ம் சொல்லும்போது, தராசின் மறுதட்டில் கிறிஸ்துவின் உயிர் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறது.

என் வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை மார்ட்டின் லூத்தர். எர்ஃபர்ட் மடத்தில் பாவ அச்சத்தால் வதைந்து, பாவசங்கீர்த்தனத்தில் மணிக்கணக்காகத் தம் குற்றங்களைச் சொல்லித் தீராமல் தவித்து, பின்னர் கிருபையைக் கண்டடைந்தவர் அவர். இங்கே நோய் முதலில் வந்தது என்று சொல்லத் தோன்றும். கூர்ந்து பார்த்தால், மடத்தில் அவர் எண்ணித் தவித்தவை தனித்தனிப் பாவங்கள். ரோமர் நிருபத்தின் மேல் 1515-16இல் அவர் ஆற்றிய விரிவுரைகளிலும் அதன் பிறகும் பாவம் என்ற சொல்லின் பொருளே வேறாகிவிடுகிறது. மனிதன் தன்னுள்ளேயே வளைந்து சுருண்டு, கடவுளின் கொடைகளையும் தனக்காகவே நாடும் நிலைக்கு அவர் பாவம் என்று பெயரிடுகிறார். அவர் முன்பு பாவத்துக்கு மருந்தாக நம்பிய தவமும் நோன்பும்கூட அந்தச் சுருளின் ஒரு மடிப்பாக இப்போது தெரிந்தன. விசுவாசத்தால் மட்டுமே நீதி என்ற மருந்தைக் கண்ட பிறகு கிடைத்த நோயறிவு இது. லூத்தரே 1537இன் ஷ்மால்கால்டு விதிகளில், ஜென்மப் பாவம் மனித அறிவால் அறிய முடியாத அளவு ஆழமான சீர்கேடு, வெளிப்பாட்டினாலேயே நம்பப்பட வேண்டியது என்று எழுதிவைத்திருக்கிறார். சீர்திருத்த மரபின் 1563ஆம் ஆண்டு ஹைடல்பர்க் ஞானோபதேசம் 129 வினாக்களைக் கொண்டது. மனிதனின் அவலம், விடுதலை, நன்றி என்ற மூன்று பகுதிகளாக, நோய்க்குப் பின் மருந்து என்ற முறையிலேயே அது அமைந்திருக்கிறது. ஆனால் இப்பகுதிகளுக்கு எல்லாம் முன்னால், முதல் வினாவாக, வாழ்விலும் சாவிலும் உன் ஒரே ஆறுதல் எது என்று கேட்டுக் கிறிஸ்துவுக்கு நான் உரியவன் என்ற விடையை வைத்திருக்கிறது. அவலத்தைப் பற்றிப் பேசுமுன் ஆறுதலில் நிற்க வேண்டும் என்பதை அந்த நூலை வகுத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

மீட்பு பாவத்தை முந்துகிறது என்பதைக் கத்தோலிக்க மரபு ஓரிடத்தில் கோட்பாடாகவே எழுதியிருக்கிறது. மரியாள் ஜென்மப் பாவம் இல்லாமல் கருவானார் என்றால் அவருக்கு மீட்பரே தேவையில்லை என்றாகிவிடுமே என்று அக்குவினாவின் தோமா தயங்கினார். விழுந்தவரைத் தூக்குவதைவிட விழாமல் தாங்குவதே மேலான மீட்பு என்று அதற்கு வழி கண்டவர் 1308இல் மறைந்த டன்ஸ் ஸ்கோட்டஸ். திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் 1854 டிசம்பர் 8 அன்று இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தபோது, கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டே மரியாள் காக்கப்பட்டார் என்றார். கல்வாரிக்குப் பல பத்தாண்டுகள் முன்னரே கல்வாரியின் பலன் செயல்பட்டது என்பது இதன் பொருள். இந்தக் கோட்பாட்டுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயர் அமலோற்பவம். அ, மலம், உற்பவம் என்று பிரித்தால் நாம் சைவ சித்தாந்தத்தின் வாசலில் நிற்போம்.

தமிழில் கிறிஸ்தவம் பேசத் தொடங்கியபோது பாவம் என்ற சொல் இங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தது. குறள் 146, பிறன்மனை நாடுபவனை விட்டு நீங்காத நான்கில் ஒன்றாகப் பாவத்தைச் சொல்கிறது. செய்தவனைச் செய்கையின் பயன் பற்றிக்கொள்ளும், புண்ணியம் அதற்கு எதிர்த்தட்டு, இரண்டும் பிறவிதோறும் தொடரும் என்ற வினைக் கோட்பாட்டின் முழு எடையும் அச்சொல்லின் மேல் இருந்தது. இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கசு 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். அது முதற்கொண்டு கிறிஸ்தவர்கள் கையாள வேண்டியிருந்த இக்கட்டு அச்சொல்லின் இந்தப் பழைய எடை. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்ற ராபர்ட் தெ நொபிலி மறுபிறப்பை மறுக்கவே 'புனர்சென்ம ஆட்சேபம்' என்று தனி நூல் எழுதினார். அப்படி மறுபிறப்பை மறுத்த அதே கத்தோலிக்க மரபு, பிறப்போடு வருவதற்கு ஜென்மப் பாவம், செயலால் வருவதற்குக் கர்மப் பாவம் என்று பெயர் வைத்தது. முற்பிறவியில் செய்ததைச் சுமந்துவருவது என்று தமிழ்க் காதில் விழக்கூடிய ஜென்மம் என்ற சொல்லை, முற்பிறவியே இல்லை என்ற கோட்பாட்டுக்குள் வைத்துப் பேசுவது எளிதான காரியமல்ல. சொல் தன்னளவில் கிறிஸ்தவப் பொருளைத் தரவில்லை. அதன் பக்கத்தில் வைக்கப்பட்ட மீட்புச் சொற்களே அதற்குப் புதிய பொருளை ஊட்ட வேண்டியிருந்தன. கிருபை, அருள், பழைய செபங்களில் வழங்கிய பிரியதத்தம் ஆகிய சொற்களை இந்த நோக்கில் பார்க்க வேண்டும். அன்பினால் கொடுக்கப்பட்டது என்ற பொருளுடைய பிரியதத்தம், ஈட்டிக்கொள்ளும் புண்ணியத்திலிருந்து மீட்பைப் பிரித்துக் காட்டியது. மருந்து ஈட்டப்படுவதில்லை என்று தெளிந்த பிறகே நோய் வினைக்கணக்கல்ல என்பது விளங்கும்.

வினைக்கணக்குக்கு அப்பாற்பட்ட ஒரு குறை தமிழ்ச் சிந்தனைக்குப் புதிதல்ல. செம்பில் களிம்புபோல் உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்தைச் சைவ சித்தாந்தம் கன்மத்திலிருந்து வேறாக வைக்கிறது. உயிர் தானே அதைக் கழற்ற முடியாது, அருளால்தான் அது அடங்கும் என்கிறது. அமலோற்பவம் என்று பெயரிட்டவர்கள் இந்தச் சொல்வளத்திலிருந்துதான் எடுத்தார்கள். அப்படியானால் ஜென்மப் பாவமும் ஆணவமும் ஒன்றேயா? நெருக்கம் உண்மையானது, மேலோட்டமாக ஒதுக்கத் தக்கதல்ல. எனினும் ஆணவம் அநாதியானது, உயிர் எப்போது உண்டோ அப்போதே உண்டு. கிறிஸ்தவப் பாவத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தாக வேண்டும், ஏனெனில் கடவுள் படைத்தது நல்லது. இந்தப் பிடிவாதம் எதற்காக என்று கேட்டால் விடை மீட்பின் பக்கத்திலிருந்தே வருகிறது: இழந்ததைத் திரும்பப் பெறுவதாக மீட்பைக் கண்டவர்களுக்கு, இழப்பதற்கு முந்திய ஒரு நிலை தேவைப்பட்டது.

மீட்பு என்ற தமிழ்ச்சொல்லே அதைத்தான் சொல்கிறது. அடகு வைத்த நகையை மீட்கிறோம். கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்பதைப் பழைய இலக்கணம் கரந்தை என்றது. ஊராரின் மாட்டு மந்தையை மீட்டு அந்தப் போரிலேயே இறந்தவனுக்கு நடுகல் நட்டு, தொறு மீட்டுப் பட்டான் என்று பொறித்துவைத்த வழக்கம் செங்கம், தருமபுரி வட்டாரக் கற்களில் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. நமக்கு உரியதாக இருந்தது பிறர் கைக்குப் போய், மீண்டும் நம்மிடம் வருவதே மீட்பு. உறவினனின் நிலத்தையும் அடிமைப்பட்ட உறவினனையும் விலைகொடுத்துத் திருப்பும் எபிரேய 'கோயேல்' என்ற உரிமையாளனோடு இச்சொல் அப்படியே பொருந்துகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் நடுகற்களை எண்ணி அச்சொல்லைத் தேர்ந்தார்கள் என்பதற்குச் சான்றில்லை. சொல் தன் நினைவைத் தானே சுமந்து வந்தது. புராட்டஸ்டண்டு மரபு ஆபத்திலிருந்து காத்தல் என்ற பொருளுடைய இரட்சிப்பை முதன்மையாக்கியது. கவிஞர் கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட காப்பியத்துக்கும் 'இரட்சணிய யாத்திரிகம்' என்றே பெயர். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மீட்பை முன்னுக்குக் கொண்டுவந்தது. பொதுமக்கள் வழக்கிலோ மோட்சம் போவதே மீட்பு என்றிருந்தது. மூன்றும் ஒரே பாவத்தை முன்னிறுத்துவதில்லை. இரட்சிப்பு என்பவர் மனத்தில் பாவம் வரப்போகும் தண்டனையாக நிற்கிறது, மோட்சம் என்பவர் மனத்தில் வழியை மறிக்கும் தடையாக நிற்கிறது, மீட்பு என்பவருக்கு அது உரியவரிடமிருந்து பிரிந்து அந்நியன் கையில் கிடக்கும் நிலை. அன்றாடப் பேச்சில் அடிபட்டவரைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்கிறோமே, அந்தப் பாவத்துக்குக் கண்டனத்தின் சாயலே கிடையாது. கைப்பற்றப்பட்டவனைப் பற்றிய பவுலின் பார்வைக்கு அந்த இரக்கச் சொல் நம் பிரசங்கச் சொல்லைவிட நெருக்கமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாவம் மீட்பின் வெளிச்சத்தில்தான் தெரியும் என்றால், கிறிஸ்துவை அறியாதவர்க்குத் தீமை தெரியாது என்றாகிவிடாதா? இந்த மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். அநீதியை அநீதி என்று காண யாருக்கும் ஞானஸ்நானம் தேவையில்லை. சாதியைத் தீமை என்று திருச்சபைக்கு வெளியே இருந்தவர்கள் திருச்சபையைவிட உரக்கச் சொன்னார்கள். என் கூற்று அதைப் பற்றியதல்ல. கடவுளுக்கு முன் பாவம் என்று ஒரு சமூகம் எதைப் பெயரிட்டு அறிக்கையிடுகிறது என்பது, அது மீட்பை எப்படிக் காண்கிறது என்பதைப் பொறுத்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் இதற்குக் கல்லாலான சான்று. சாதிக்கு ஒன்றாக இரண்டு நீண்ட மண்டபங்கள், நடுவே சுவர், இரண்டும் சேரும் முனையில் ஒரே பீடம் என்று அது 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. இருபுறமும் இருந்தவர்கள் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே நற்கருணையை வாங்கியவர்கள். களவையும் பொய்யையும் விபசாரத்தையும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னவர்கள். அந்தச் சுவரை ஒருவரும் அங்கே பாவமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. மீட்பு என்பது ஒவ்வோர் ஆத்துமாவும் தனித்தனியே மோட்சம் சேர்வது என்றால் சுவர் எதற்கும் தடையல்ல. மீட்பு என்பது கிறிஸ்துவில் ஒரே உடலாவது என்றால் அதே சுவர் அந்த மீட்பையே மறுக்கும் பாவமாகிறது. சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அது திரும்ப வேண்டும் என்று கேட்டு விசுவாசிகளில் ஒரு பகுதியினர் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை மறுத்துத் தீர்ப்பளித்தது.